என்ன ஆச்சு என்று கேட்காத ஊர்

"அவர் இன்னைக்கு வர்றார்."

அக்கா இதை அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. இரண்டு நாளாகத் தொண்டையில் வைத்துக்கொண்டு திண்டாடிய சேதி அது.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தங்கை ஒற்றைக் காலில் நின்றபடியே நிமிர்ந்தாள்.

"யாரு?"

"யாருன்னா? உன் வீட்டுக்காரர்தான். வேற யாரு உன்னைத் தேடிக்கிட்டு வருவா?"

"நீ சொல்லிட்டியா?"

"சொல்லாம? அந்த மனுஷன் அங்க பித்துப் பிடிச்ச மாதிரி சுத்திக்கிட்டு இருக்கார். போன்ல குரலைக் கேட்டா கல்லுகூடக் கரையும். நான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணுமாக்கும்?"

தங்கை மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டாள். அவள் என்றைக்குப் பதில் சொன்னாள்?

போன வாரம் பத்திரிகை கைக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்பவர்களுக்காக, முன்கதை இரண்டு வார்த்தையில். ஏரிக்கரையில் இருக்கிற ஒரு சின்ன ஊரிலிருந்து, ஒரே ஒரு பையுடன், தங்கை இந்த ஆறாவது மாடி வீட்டுக் கதவைத் தட்டினாள். "கொஞ்ச நாள் இருக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். அதோடு சரி. ஏன், எதற்கு என்று அக்கா தலைகீழாக நின்று பார்த்தும் ஒரு சொல் பெயரவில்லை.

சின்ன வயசிலிருந்தே அவள் அப்படித்தான். நடந்தால் சத்தம் கேட்காது, பேசினால் அதைவிடக் கேட்காது. வீட்டில் வைத்த பெயர் பூனை. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிற இடத்தில் வேலை. 'வாயே திறக்காதவளுக்கு வேலை மட்டும் ஊரார் வாயில' என்று அக்கா கேலி செய்வாள். இப்போதெல்லாம் அந்தக் கேலியை யாரும் செய்வதில்லை. ஏழு மாதத்துக்கு முன் அவளுக்கு ஒரு குழந்தை பிறந்தது. இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டுப் போய்விட்டது.

"தினம் காலைல கிளம்பிப் போறியே, எங்கதான் போற?" என்றாள் அக்கா. "எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓடல, பூனை."

"ஸ்டேஷனுக்கு."

"எந்த ஸ்டேஷனுக்கு?"

"ரயில்வே ஸ்டேஷன். பெரிசு."

"எங்க போறதுக்கு?"

"எங்கயும் போறதுக்கு இல்ல. உக்காரத்தான்."

தண்டவாளம், வண்டி, ஏழு மாதமாக வாய் திறக்காத ஒரு பெண். மூன்றையும் சேர்த்து வைத்து நினைக்கக்கூட அக்காவுக்கு மனசு வரவில்லை. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இங்க பாரு. இந்த ஊர் உனக்கு ஆகாது. நான் சொல்றேன் கேளு. இந்த இரைச்சலும் இடியும் உன்னைத் தின்னுடும். அவர் வந்ததும் ஒழுங்கா கிளம்பி உன் வீட்டுக்குப் போ. அந்த அமைதி ஒண்ணுதான் உன்னைத் தேத்தும்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் தங்கை. கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்க வேண்டும், பாருங்கள். அவள் பிழைப்பே அதுதான். அவள் வேலை பார்க்கும் பெரிய கம்பெனிக்கு நாட்டில் பல ஊர்களில் கிளை உண்டு. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களை உட்கார வைத்துப் பேசி, இன்னார் இன்ன ஊருக்குப் போனால் நிலைப்பார் என்று சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. ஆபீஸில் அவளைத் 'தரகர்' என்பார்கள். மற்ற தரகர்கள் பெண்ணுக்கும் பையனுக்கும் பொருத்தம் பார்ப்பார்கள், இவள் ஆளுக்கும் ஊருக்கும் பார்க்கிறாள்.

அவள் கணக்கு சுலபம். கலகலப்பான ஆளுக்குக் கலகலப்பான ஊர். அமைதியான ஆளுக்கு அமைதியான ஊர். இதைத் தங்கை கல்யாணத்திலும் விடவில்லை. ஏரிக்கரை ஊரில் எலும்பு, தசை வலிக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு பையன் இருக்கிறார் என்று சம்பந்தம் வந்தபோது, மாப்பிள்ளையைப் பார்க்கும் முன் ஊரைப் போய்ப் பார்த்து வந்தவள் அவள். நாலே தெரு, தண்ணீர், மரம், மூச்சு விட்டால் கேட்கிற அமைதி. "நம்ம பூனைக்குன்னே கட்டி வெச்ச ஊர்," என்று வந்து சொன்னாள். மாப்பிள்ளையும் நல்லவராக அமைந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று ஆபீஸில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது ரேடியோ.

ரேடியோ என்பது அந்த இளம் இன்ஜினியருக்கு ஆபீஸ் வைத்த பெயர். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்தான் நிற்கும். ஆறு மாதத்துக்கு முன் இவரோடு பேசிப் பார்த்த அக்கா, 'இந்தப் பெரிய ஊரைத் தவிர வேறு எந்த ஊரும் இவரைத் தாங்காது' என்று சிரித்துக்கொண்டே இங்கேயே போட்டிருந்தாள்.

"மேடம், என்னை ஏதாவது சின்ன ஊருக்கு மாத்திடுங்க."

"உங்களையா? சின்ன ஊருக்கா? நாலே நாள்ல ஊர்க்காரங்க வீட்டைப் பூட்டிக்கிட்டு ஓடிடுவாங்க."

ரேடியோ சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

"லிப்ட்ல தினம் ஒருத்தருக்கு குட்மார்னிங் சொல்லுவேன் மேடம். எதிர் வீட்டுக்காரர்தான். போன வாரத்துல இருந்து அவர் மாடிப்படில போறார். ஒன்பது மாடி. முட்டி வலியோட."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசாம, திங்கக்கிழமை வாயைத் திறந்தா என் குரலே எனக்கு யாரோ மாதிரி இருக்கு. என் பேச்சைக் கேக்கறதுக்கு இங்க யாருக்கும் நேரமில்ல மேடம். கூட்டம் இருக்கு, ஆள் இல்ல."

"பழகிடும். இன்னும் கொஞ்ச நாள் பாருங்களேன்," என்று அனுப்பி வைத்தாள் அக்கா. மனசு அதில் இல்லை. மத்தியான வண்டிக்கு மாப்பிள்ளை வருகிறார், அதற்குள் அந்தப் பெண்ணைப் பிடித்து நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லி மனசைத் திருப்ப வேண்டும். அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

அந்த ஸ்டேஷனில் ஆளைத் தேடுவது சாமானியமா? மனிதர்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள், இடிக்கிறார்கள், மன்னிப்புக் கேட்காமல் போகிறார்கள். ஒலிபெருக்கி எந்த வண்டி எங்கே என்று கத்துகிறது. அதற்கு மேல் குழந்தைகள் கத்துகின்றன. அக்காவுக்கே தலை சுற்றியது. இதற்கு நடுவில் போய் அந்தப் பூனை எப்படித்தான் உட்காருகிறதோ!

மூன்றாம் பிளாட்பாரத்தின் நடுவில், தூணை ஒட்டிய பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

ஓசை வராமல் கண்ணைத் துடைக்கிற அழுகை இல்லை அது. வாயைத் திறந்து, தோள் குலுங்க, மூக்கு ஒழுக, அம்மா அடித்தால் சின்னப் பிள்ளைகள் அழுமே, அப்படி. பிறந்ததிலிருந்து அவளைப் பார்க்கிற அக்கா, அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோதுகூடக் கேட்கவில்லை.

அக்கா இரண்டு எட்டு ஓடினாள். அப்புறம் நின்றாள்.

யாரும் தங்கையைப் பார்க்கவில்லை. பெட்டியோடு போனவர் பெட்டியோடு போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூட்டையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து அவளுக்கு இடம் விட்டாள். அவ்வளவுதான். 'என்னம்மா ஆச்சு' என்று கேட்கவில்லை. அவளுக்குத் தன் வண்டி வருகிற கவலை.

ஒரு வண்டி பெரிய சத்தத்தோடு வந்து நின்று, போயிற்று. அந்தச் சத்தத்துக்குள் தங்கை இன்னும் கொஞ்சம் உரக்க அழுதாள். பிறகு மெல்ல அடங்கினாள். முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு, குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஆனால் அதில் ஒரு தெளிவு இருந்தது. வேலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவளைப் போல் இருந்தாள்.

தண்டவாளத்தைப் பற்றிக் காலையில் தான் பயந்த பயத்தை நினைத்து அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. இவள் உயிரை விட வரவில்லை. உயிரைப் பிடித்துக்கொள்ளத்தான் இங்கே வருகிறாள். பெஞ்சுக்குப் போகாமல் தூணுக்குப் பின்னாலேயே நின்றாள் அக்கா. முதல் தடவையாக, தங்கைக்கு எது நல்லது என்று சொல்ல அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மாப்பிள்ளை வந்த வண்டி ஆறாம் பிளாட்பாரத்துக்கு வந்தது. அவர் இறங்கும்போதே கூடப் பயணம் செய்த பெரியவர் ஒருவரின் பையைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினார். "முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் மறந்துடாதீங்கய்யா!" என்று அவரை அனுப்பிவிட்டு, அக்காவைப் பார்த்ததும் முகம் மாறினார்.

"எப்படி இருக்கா அண்ணி?"

"நீங்களே பாருங்க தம்பி. இங்கதான் இருக்கா, கூட்டிட்டு வர்றேன்."

மூவருமாக ஆறாவது மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் பேசியது மாப்பிள்ளை மட்டும்தான். வீட்டுக்குள் வந்ததும் பையைத் திறந்து மேஜை மேல் கடை பரப்பினார்.

"இது மருந்துக்கடைக்காரர் குடுத்த டானிக். இது தையல்காரம்மா உனக்குன்னு தைச்ச தலையணை உறை. எதிர்வீட்டு டீச்சர் ஒரு ரோஜாச் செடியே குடுத்தாங்க, வண்டில எப்படிம்மா கொண்டு வர்றது? வாசல்ல இறங்கினா முதல் கேள்வி 'அவங்க எப்ப வர்றாங்க'ன்னுதான். ஊரே உன்னைக் கேக்குது."

"அதான்," என்றாள் தங்கை.

"எது?"

"ஊரே கேக்குது. அதான் என்னால அங்க இருக்க முடியல."

மாப்பிள்ளையின் கை டானிக் பாட்டில் மேல் அப்படியே நின்றது. அக்கா டீயோடு வந்தவள் தட்டை வைக்க மறந்தாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாள் ரொட்டி வாங்கப் போனேன். கடைக்காரர் 'என்னம்மா ஆச்சு'ன்னார். சொன்னேன். பக்கத்துல நின்னவங்க கேட்டாங்க. சொன்னேன். வீடு வர்றதுக்குள்ள தபால்காரர் கேட்டார், தையல்காரம்மா கேட்டாங்க, டீச்சர் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க. எல்லாரும் நல்லவங்க. யாரையும் நான் குத்தம் சொல்லல." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். இவ்வளவு நீளமாகப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "ஆனா ஒரு குழந்தை எத்தனை தடவைங்க சாகும்? நான் கதவைத் திறந்தப்பல்லாம் செத்துச்சு."

"அய்யோ, பூனை..."

"ஒரு நாள் ஏரிக்கரைல போய் அழுதேன். வீட்டுக்குத் திரும்பறதுக்குள்ள சேதி உங்களுக்கு வந்துடுச்சு. வாசல்ல நின்னு 'ஏரிக்கரைல அழுதியாமே'ன்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் எனக்கு அழறதுக்கும் இடமில்ல." அக்கா பக்கம் திரும்பினாள். "அமைதியான ஊருன்னு சொன்னியேக்கா. அமைதிதான். வேற சத்தமே இல்ல, அதனால என் சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சு. இங்க நான் எவ்வளவு அழுதாலும் யாரும் என்னன்னு கேக்கறதில்ல. அப்பாடான்னு இருக்கு."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். காலையில் லிப்டைப் பற்றிச் சொன்ன ரேடியோ இப்போதுதான் அவள் காதில் சரியாக விழுந்தார். பேசுகிறவனைக் கேட்க ஆளில்லாத ஊரில் போட்டாள். பேசாதவளை எல்லாரும் கேட்கிற ஊரில் கட்டிக் கொடுத்தாள். பொருத்தம் பார்த்தாளாம் பொருத்தம்! தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

மாப்பிள்ளை டானிக் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார். எப்போதும் வருகிற வேகம் குரலில் இல்லை.

"நான் தப்பா ஒண்ணும் நினைக்கலம்மா. நீ வாயே திறக்கல. நான் யார்கிட்ட போவேன்? முடி வெட்டறவர்கிட்ட சொன்னேன். மருந்துக்கடைல சொன்னேன். என்கிட்ட பயிற்சிக்கு வர்ற தாத்தா ஒருத்தர், வலியில அவர் அழணும், எனக்காக அழுதார். அவங்க கேட்டாங்க, நான் சொன்னேன். அவங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ எனக்கே தெரியாது."

அவளைக் கொன்ற ஊர்தான் அவரைப் பிழைக்க வைத்திருக்கிறது. இதில் யாரைக் குற்றம் சொல்ல?

தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது அவருக்கு. சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று நின்றது. இதையெல்லாம் அவள் இப்போதுதான் பார்க்கிறாள் போலிருந்தது.

"நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள்.

ஊரே அவளைக் கேட்டது. ஊரே அவரையும் கேட்டது. அவள் மட்டும் அவரைக் கேட்கவில்லை, இந்த ஏழு மாதமும்.

"நல்லா..." என்று ஆரம்பித்தார். மேலே வரவில்லை. மறுபடி வாயைத் திறந்தார். கடைக்காரரிலிருந்து கண்டக்டர் வரை அத்தனை பேரோடும் அருவி மாதிரி பேசுகிற அந்த மனிதருக்கு, பெண்டாட்டி கேட்ட இந்தச் சின்னக் கேள்விக்குச் சொல் கிடைக்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்துவிட்டார்.

தங்கை எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கையை மட்டும் முகத்திலிருந்து பிரித்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான் இங்கயே வந்துடறேன்."

"என்னது?"

"வேலையை விட்டுட்டு இங்க வந்துடறேன். இந்த ஊர்ல யாருக்கும் முட்டி வலிக்காதா? முதுகு பிடிக்காதா? இங்க இல்லாத ஆஸ்பத்திரியா?" கண்ணீரோடேயே சிரித்தார். "நீ எங்க இருக்கியோ அங்க நானும். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

தங்கையின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. ஏழு மாதமாக அந்த முகத்தில் அக்கா காணாத வெளிச்சம். கடவுளே, இது இப்படியே இருக்கட்டும் என்று அக்கா உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். எழுந்து சமையலறைக்குப் போய்விடலாம் என்று தட்டை எடுத்தாள்.

"அக்கா, இரு," என்றாள் தங்கை. "நீ சொல்லு. இவருக்கு இந்த ஊர் ஒத்து வருமா?"

மாப்பிள்ளை தங்கைக்குத் தெரியாமல் அக்காவைப் பார்த்தார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் அண்ணி என்று கண் கெஞ்சியது.

சொல்லிவிட்டால் தங்கை பிழைப்பாள். இந்த வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே ஒரு வீடு பார்த்துவிடலாம். அக்காவின் ஆசையும் அதுதான். கேள்வி முடியும் முன் பதில் சொல்லிப் பழகிய வாய் அவளுக்கு. இன்று தட்டை மறுபடி கீழே வைத்தாள்.

மாப்பிள்ளையைப் பார்த்தாள். ரயிலில் முன்பின் தெரியாத பெரியவரின் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய மனிதர். இந்த ஊர் லிப்டில் இவர் யாருக்கு வணக்கம் சொல்வார்?

"ஒத்து வராது," என்றாள்.

"அண்ணி!"

"கோவிச்சுக்காதீங்க தம்பி. இத்தனை நாள் தெரியாம சொன்னேன், இன்னைக்குத் தெரிஞ்சு சொல்றேன். ஆறு மாசம்கூடத் தாங்க மாட்டீங்க. இவளுக்காக வாயை மூடிக்கிட்டு உள்ளயே வாடிப் போவீங்க. அதை இவகிட்ட சொல்லவும் மாட்டீங்க."

தங்கையின் முகத்தில் வந்த வெளிச்சம் போய்விட்டது. அதைப் பார்க்க முடியாமல் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் தங்கை அழவில்லை.

"எனக்கும் தெரியும்க்கா," என்றாள். "நான் சொல்ல பயந்தேன்."

"அப்ப நாங்க ரெண்டு பேரும் இருக்க முடியற ஊர் எது அண்ணி? நீங்கதானே சொல்லணும்?" மாப்பிள்ளையின் குரல் உடைந்திருந்தது.

அக்கா தனக்குத் தெரிந்த ஊர்களை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மலை ஊர், துறைமுக ஊர், ஆலை ஊர், காலேஜ் ஊர். எதைத் தொட்டாலும் ஒருவருக்கு ஆகும், மற்றவருக்கு ஆகாது.

"தெரியல தம்பி. சத்தியமா தெரியல."

அவர் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். ராத்திரி வண்டிக்கு, இரண்டு பேருக்கு. நம்பிக்கையோடு எடுத்து வந்திருந்தார் பாவம்.

"நான் வரலங்க," என்றாள் தங்கை. "இன்னைக்கு வரல. அப்புறம் என்னன்னு எனக்கே தெரியல."

அவர் தலையை ஆட்டினார். எழுந்திருக்கப் பார்த்தார். அவள் பிடித்த கையை விடவில்லை.

"வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கில்ல?"

"இருக்கு."

"உக்காருங்க," என்றாள் தங்கை. "முடி வெட்டறவர்கிட்ட சொன்னீங்க. மருந்துக்கடைல சொன்னீங்க. அந்தத் தாத்தாகிட்டயும் சொன்னீங்க. நம்ம குழந்தையைப் பத்தி என்கிட்டதான் ஒண்ணுமே சொல்லல. சொல்லுங்க, நான் கேக்கறேன்."